இன்மை அறிக்கை

சென்னை-5,
12.2.1986

அன்புத் தங்கை குஞ்சம்மாளுக்கு,

அண்ணன் ராசாங்கம் எழுதுவது. நான், உன் அண்ணி, பிள்ளைகள் எல்லோரும் சுகம். உன் சுகத்துக்கும் மாப்பிள்ளை சுகத்துக்கும் முக்கியமாக அம்மாவின் சுகத்துக்கும் உடனே எழுது.

அம்மாவுக்கு எக்ஸ்ரே எடுத்துக் காச நோய் என்று சொல்லிவிட்டார்கள் என நீ எழுதியதைப் படித்ததிலிருந்து இரண்டு நாள் எனக்குக் கை ஓடவில்லை. பிறகு என்னை நானே தேற்றிக்கொண்டேன். ஊசி போடுகிற நர்சம்மாவே மகளாக இருக்கும்போது அம்மாவுக்கு என்ன குறை?

இப்போது என் சேதி. என்னை வேறு ஆபீசுக்கு மாற்றிவிட்டார்கள். டெல்லியிலிருந்து அமைத்த குழு. பெயரைச் சொல்வதற்குள் மூச்சு வாங்கும்: மருந்துப் பாதுகாப்பு முறைகள் மதிப்பீட்டுக் குழு. டாக்டர் எழுதித் தருகிற மருந்தே ஆளுக்குக் கெடுதல் செய்தால் அதை ஒவ்வொரு நாடும் எப்படிக் கண்டுபிடிக்கிறது, நம் நாட்டில் அப்படி ஒரு முறை நடக்குமா என்று பார்ப்பது வேலை. இங்கிலாந்தில் மஞ்சள் அட்டை வைத்திருக்கிறார்கள். இருபத்தைந்து வருஷத்துக்கு முன்பு கர்ப்பிணிகள் சாப்பிட்ட ஒரு மாத்திரையால் ஆயிரக்கணக்கில் குழந்தைகள் கை கால் இல்லாமல் பிறந்தார்களாம். அதன் பிறகு வந்த புத்தி. டாக்டருக்குச் சந்தேகம் வந்தால் அட்டையில் நாலு வரி எழுதித் தபாலில் போடுகிறார். நிரூபிக்க வேண்டியதில்லை, சந்தேகம் போதும். எனக்கு இது ரொம்பப் பிடித்துவிட்டது.

சோதனை முறையில் முதலில் நம் திருச்சி மாவட்டத்தில்தான். உன் சுகாதார நிலையத்துக்கும் படிவம் வரும். மருந்தால் கெடுதல் என்றால் விவரம் எழுத வேண்டும். இல்லை என்றால் மாதம் ஓர் இன்மை அறிக்கை. ஒழுங்காக அனுப்பி அண்ணன் மானத்தைக் காப்பாற்று.

அம்மாவுக்கு இதைப் படித்துக் காட்டு.

இப்படிக்கு,
ராசாங்கம்

*

கல்லுமேடு,
ரஞ்சன்குடி வழி,
3.3.1986

அன்புள்ள அண்ணனுக்கு,

குஞ்சம்மாள் எழுதிக்கொள்வது. இங்கு அனைவரும் நலம். உங்கள் எல்லோருடைய நலமும் அப்படியே இருக்க வேண்டும்.

அம்மாவுக்கு ஊசி ஆரம்பித்துப் பதிமூன்று நாள் ஆகிறது. ஒரு புட்டியில் ஒரு கிராம் மருந்து. நாற்பது வயதைத் தாண்டியவர்களுக்கு முக்கால் போதும் என்று சுற்றறிக்கை இருக்கிறது. ஆனால் இங்கே யாருக்கும் புட்டியில் மிச்சம் வைத்துப் போட முடியாது. மிச்சத்தை நர்சு விற்றுவிடுவாள் என்று நினைப்பு. மருந்தை உறிஞ்சியதும் புட்டியைக் கவிழ்த்துக் காட்டச் சொல்வார்கள். அம்மா அவர்களுக்கும் மேல். "ஊராருக்கெல்லாம் முழுப் புட்டி, பெத்தவளுக்கு மட்டும் முக்காலா? கவுத்துக் காட்டுடி" என்று வரிசையில் நின்று சத்தம் போட்டாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துக்கொண்டே முழுசையும் போட்டுவிட்டேன்.

உங்கள் படிவம் வந்தது. டாக்டருக்கு இரண்டு நிலையம் பொறுப்பு. செவ்வாயும் வெள்ளியும்தான் வருவார். பன்னிரண்டு மாதத்துக்கும் சேர்த்துப் பன்னிரண்டு இன்மை அறிக்கையில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார். மாதக் கடைசியில் தேதி போட்டு அனுப்புவது என் வேலை.

அம்மா சொல்லச் சொன்னது: "எலேய் ராசாங்கம், இருமல் கொறைஞ்சிருக்கு. இந்த வருசம் கம்பு நல்லா வெளைஞ்சிருக்கு. புள்ளைங்கள வெயில்ல வுடாதே. கடுதாசி வந்தா ரெண்டு தரம் படிக்கச் சொல்லிக் கேக்குறேன்."

தங்கள் தங்கை,
குஞ்சம்மாள்

*

சென்னை-5,
25.3.1986

அன்புள்ள குஞ்சம்மாளுக்கு,

அனைவரும் சுகமே. அங்கேயும் அப்படித்தான் என்று உன் கடிதம் சொல்கிறது, சந்தோஷம்.

பன்னிரண்டு மாதத்துக்கு யாருக்கும் ஒன்றும் ஆகாது என்று முன்கூட்டியே எழுதிக் கொடுத்த உங்கள் டாக்டர் ஜோசியமும் பார்ப்பாரா? என் பெரியவளுக்குக் கல்யாணம் எப்போது என்று கேட்டு எழுது. இதை ஆபீசில் சொல்லி எல்லோரும் சிரித்தோம். சிரிப்பு இருக்கட்டும், வேலையைத் தேதி தவறாமல் செய்துவிடு.

எனக்கு இங்கே மூச்சுவிட நேரமில்லை. எட்டு நாட்டு முறைகளை ஒரே அட்டவணையில் எழுதுகிறேன். கடைசிக் கட்டம் நம் நாடு. அந்தக் கட்டம் இன்னும் காலியாக இருக்கிறது.

அம்மாவிடம் ஒன்று கேள். பெரியவளுக்கு முதல் பல் விழுந்துவிட்டது. கூரைமேல் எறிய வேண்டும் என்று அழுகிறாள். நாங்கள் இருப்பது மாடி வீடு, கூரைக்கு எங்கே போக? பல்லைத் தீப்பெட்டியில் போட்டு வைத்திருக்கிறோம். அம்மா என்ன சொல்கிறாளோ அப்படிச் செய்கிறோம்.

ராசாங்கம்

*

கல்லுமேடு,
28.4.1986

அன்புள்ள அண்ணனுக்கு,

இங்கு அனைவரும் நலம். அண்ணியும் பிள்ளைகளும் நலந்தானே?

அம்மாவுக்கு இருமல் நின்றுவிட்டது. சளிப் பரிசோதனை சுத்தமாக வந்திருக்கிறது. நடக்கும்போது மட்டும் சுவரைப் பிடித்துக்கொள்கிறாள். பித்தக் கிறுகிறுப்பு, ஊசியை முழுசாகப் போட்டு முடிக்கலாம் என்கிறார் டாக்டர்.

உங்கள் கடிதத்தைப் படித்தேன். அம்மா சொன்னது: "கம்பு நல்லா வெளைஞ்சிருக்கு."

அண்ணா, ஒரு நோயாளிக்காகக் கேட்கிறேன். இதே ஊசி போட்டுக்கொள்கிறவர். காதுக்குள் வண்டு கத்துகிற மாதிரி இருக்கிறது என்கிறார். கூப்பிட்டால் சில சமயம் திரும்புவதில்லை. உங்கள் ஆபீஸ் புத்தகங்களில் இதைப் பற்றி ஏதாவது இருக்கிறதா? சீக்கிரம் எழுதினால் நல்லது.

குஞ்சம்மாள்

*

சென்னை-5,
20.5.1986

அன்புத் தங்கைக்கு,

சுகம். பதில் தாமதமாகிவிட்டது, கோபித்துக்கொள்ளாதே. அட்டவணையை மூன்று முறை திருப்பி அடிக்கச் சொல்லி உயிரை வாங்கிவிட்டார்கள்.

நீ கேட்டது புத்தகத்தில் தெளிவாக இருக்கிறது. அந்த ஊசி காது நரம்பைக் கெடுக்கும். முதலில் இரைச்சல், கிறுகிறுப்பு, அப்புறம் செவிடு. வயதானவர்களுக்கு அளவு குறைக்க வேண்டும். இரைச்சல் வந்த அன்றே ஊசியை நிறுத்த வேண்டும். போன காது திரும்பாதாம். அந்த நோயாளிக்கு உடனே நிறுத்தச் சொல். படிவத்தையும் நிரப்பி அனுப்பு. குழு இதற்குத்தானே காத்திருக்கிறது! மாவட்டம் முழுவதிலிருந்தும் இன்மை அறிக்கையாக வந்து குவிகிறது.

பல் விஷயத்துக்கு அம்மா பதிலே சொல்லவில்லையே? கம்பு விளைந்ததைத்தான் போன தடவையே சொல்லியாகிவிட்டதே. வயதாகிறது, மறதி. நீ மறுபடி கேள்.

ராசாங்கம்

*

(கார்டு)

2.6.1986

அண்ணனுக்கு,

கடிதம் கிடைத்த அன்றே ஊசியை நிறுத்திவிட்டேன். படிவத்தை நிரப்பி அரியலூருக்குப் போய் ரயிலடித் தபால் பெட்டியில் போட்டேன். உள்ளூரில் போட மனம் வரவில்லை. வந்ததும் நீங்களே பார்க்கவும்.

குஞ்சம்மாள்

*

மருந்துப் பாதுகாப்பு முறைகள் மதிப்பீட்டுக் குழு, சென்னை
நாள்: 27.6.1986

பெறுநர்: துணைச் செவிலியர், கல்லுமேடு

படிவ எண் 417 கீழ்க்காணும் குறைபாட்டின் காரணமாகத் திருப்பி அனுப்பப்படுகிறது: மருத்துவ அலுவலர் கையொப்பம் இல்லை. குறையை நிவர்த்தி செய்து மீள அனுப்பக் கேட்டுக்கொள்ளப்படுகிறது.

செ. ராசாங்கம்,
கண்காணிப்பாளர்

*

சென்னை-5,
18.7.1986

அன்புள்ள குஞ்சம்மாளுக்கு,

அனைவரும் சுகம். உன்னிடமிருந்து கார்டுக்குப் பிறகு ஒரு வரிகூட இல்லையே, ஏன்?

அனுப்பியதாக எழுதிய படிவம் இதுவரை என் மேசைக்கு வரவில்லை. ரயிலடிப் பெட்டியில் போட்டால் இப்படித்தான், எந்த ஊர்ப் பையில் கிடக்கிறதோ! போகட்டும், இன்னொன்று எழுதி அனுப்பு. உன் இன்மை அறிக்கைகள் மட்டும் மாதம் தவறாமல் வருகின்றன. ஒழுங்கான நிலையங்கள் என்று தலைவர் ஒரு பட்டியல் போட்டார், அதில் கல்லுமேடு இருக்கிறது. என் தங்கை என்று நான் சொல்லிக்கொள்ளவில்லை. ஆனால் அன்று டீயை என் செலவில் வாங்கிக் கொடுத்தேன்.

ஆடிக்கு வர நினைத்தேன், லீவு இல்லை என்றுவிட்டார்கள். இந்தக் கடிதத்தை அம்மாவுக்கு இரண்டு தரம் படித்துக் காட்டு.

ராசாங்கம்

*

சென்னை-5,
6.10.1986

குஞ்சம்மாளுக்கு,

உன் கார்டு வந்து நாலு மாதமாகிறது. என்னதான் நடக்கிறது அங்கே? உனக்கு என்மேல் என்ன கோபம்? அம்மாவுக்கு அனுப்பிய மணியார்டர் ரசீது வந்தது. அதில் அம்மாவின் கைரேகை இருந்தது. அதைப் பார்த்து, ஆள் நன்றாகத்தான் இருக்கிறாள் என்று மனதைச் சமாதானப்படுத்திக்கொண்டேன். ரசீதில் ரேகை பார்த்துத் தாயின் சுகத்தைத் தெரிந்துகொள்கிற நிலைமைக்கு என்னைக் கொண்டுவந்துவிட்டாய்.

தெருவில் பெரம்பலூர்ப் பக்கத்து ஆள் யாராவது தென்பட்டால் நிறுத்திக் கேட்கலாமா என்று இருக்கிறது. வேலையில் உட்கார முடியவில்லை. எழுந்து நடக்கிறேன், மறுபடி உட்காருகிறேன்.

டிசம்பர் 15-ல் குழு அறிக்கை முடிகிறது. திருச்சி மாவட்டத்தில் எட்டு மாதத்தில் மருந்தால் கெடுதல் என்று ஒரு படிவம்கூட ஏற்கப்படவில்லை. ஆகவே முறையும் சரி, மருந்துகளும் சரி என்று எழுதப்போகிறார்கள். நம் நாட்டுக் கட்டத்தில் நான்தான் 'திருப்தி' என்று எழுத வேண்டும். உன் நோயாளி ஞாபகம் வருகிறது. அவர் என்ன ஆனார்?

ஒரு வரி போதும். எழுது.

ராசாங்கம்

*

கல்லுமேடு,
9.11.1986

அண்ணனுக்கு,

'இங்கு அனைவரும் நலம்' என்று எழுதத் தொடங்கி நிறுத்திவிட்டேன். அதை ஏற்கெனவே இரண்டு தடவை எழுதியாகிவிட்டது. இரண்டாவது தடவை பொய்.

அந்த நோயாளி அம்மாதான்.

ஏப்ரலில் அம்மா காதுக்குள் வண்டு என்றாள். வேறு யாரோ என்று உங்களுக்கு எழுதினேன். அம்மாவுக்கு முழுப் புட்டி போட்டது நான், அதை எப்படி எழுதுவேன்? உங்கள் பதில் என் கைக்கு வர இருபத்தைந்து நாள் ஆனது. அந்த இருபத்தைந்து நாளும் டாக்டர் சொன்னபடி நான் ஊசி போட்டேன். உங்கள் பல் கேள்வியை அம்மாவின் காதருகில் நின்று படித்தேன். அவள் என் முகத்தைப் பார்த்துச் சிரித்து, கம்பு நல்லா விளைஞ்சிருக்கு என்றாள். கேட்கவில்லை என்று சொல்ல அவளுக்கு வெட்கம்.

இப்போது சுத்தமாகக் கேட்காது. ரோட்டில் லாரி போனால் காலில் தெரிகிறது என்கிறாள். நோய் குணமாகிவிட்டது, எடைகூட நாலு கிலோ ஏறியிருக்கிறது. பார்க்கிறவர்கள் என் கையைப் பாராட்டுகிறார்கள். எனக்கு அந்தக் கையை வெட்டிப் போடலாம் போல இருக்கிறது.

படிவத்தில் அம்மா பெயர், வயது, கொடுத்த அளவு, ஊசி போட்டவர் என்ற இடத்தில் என் பெயர் எல்லாம் எழுதினேன். டாக்டர் கையெழுத்துப் போட மறுத்தார். "நீ போட்ட ஊசிக்கு நான் எப்படிம்மா கையெழுத்துப் போடுறது?" என்றார். அண்ணன் பார்த்துக்கொள்வார் என்று கையெழுத்து இல்லாமலே அனுப்பினேன். அண்ணன் பார்த்துக்கொண்டீர்கள். உங்கள் கையெழுத்துடன் திரும்பி வந்த தாளை இத்துடன் வைத்திருக்கிறேன். பெற்ற தாய் பெயரைப் படித்துவிட்டுக் கையொப்பம் இல்லை என்று எழுத உங்களுக்கு எப்படி மனம் வந்தது? பிறகு படிவமே வரவில்லை என்று ஒரு கடிதம் வேறு. அதற்குமேல் உங்களுக்கு என்ன எழுதுவது? அம்மாவிடமும் சொல்லவில்லை. சொன்னாலும் கேட்காது.

இன்று எழுதுவது என் மனக்குறைக்காக அல்ல. கண்ணையன் என்று ஒருவர், கிணறு வெட்டுகிறவர், வயது நாற்பத்தெட்டு, இதே ஊசி. முந்தாநாள், "காதுக்குள்ள வண்டு கத்துது நர்சம்மா" என்றார். கயிற்றைப் பிடித்து அறுபது அடி இறங்குகிற ஆள். கிறுகிறுத்தால் அவ்வளவுதான். டாக்டரைக் கேட்காமல் ஊசியை நிறுத்திவிட்டு மாத்திரை மட்டும் கொடுக்கிறேன். எனக்கு மெமோ வரும், வரட்டும். நீங்கள் 'திருப்தி' என்று எழுதுமுன் இதைத் தெரிந்துகொள்ளுங்கள்.

குஞ்சம்மாள்

*

சென்னை-5,
14.11.1986

என் குஞ்சம்மாளுக்கு,

எல்லோரும் சுகம் என்று எழுத எனக்கும் கை வரவில்லை.

அந்தக் கையெழுத்து என்னுடையதுதான். அந்தப் படிவத்தை நான் பார்க்கவில்லை. நம்புவதும் நம்பாததும் உன் இஷ்டம். ஜூன் மாதம் சைக்ளோஸ்டைல் செய்த குறிப்புத் தாள் ஒரு கட்டு வந்தது, இருநூறு. எல்லாவற்றிலும் மொத்தமாகக் கையெழுத்துப் போட்டுத் தபால் பிரிவில் கொடுத்துவிட்டேன். குறையுள்ள படிவத்துக்கு அவர்களே எண்ணைப் போட்டு அதில் இணைத்து அனுப்பிவிடுவார்கள். உங்கள் டாக்டரை ஜோசியர் என்று கேலி செய்தேனே, அவர் போட்டது பன்னிரண்டுதான்.

உன் கடிதத்தைப் படித்ததும் தபால் பிரிவுக்கு ஓடினேன். கட்டில் முப்பத்தொன்பது தாள் மிச்சம். மீதி நூற்று அறுபத்தொன்றும் போய்விட்டன. பதிவேட்டில் படிவ எண்ணும் ஊரும்தான் இருக்கின்றன. என்ன மருந்து, யாருக்கு என்ன ஆனது என்று ஓர் எழுத்து இல்லை. இத்தனை பேர் நமக்கு எழுதியிருக்கிறார்கள், குஞ்சம்மாள். நான் ஒரு படிவமும் இல்லை என்று எண்ணிக் கணக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

தலைவரிடம் போய்ச் சொன்னேன். கையொப்பம் இல்லாததைச் சான்றாக எடுக்க முடியாது என்றார். இங்கிலாந்தில் சந்தேகம் போதுமே என்றேன். "அது டாக்டரோட சந்தேகம்ப்பா" என்றார். நான் நகரவில்லை. கடைசியில், "ஒண்ணாவது கையில கொண்டா, பார்க்கலாம்" என்றார். 417-ஐ எனக்கே அனுப்பு, வீட்டு முகவரிக்கு. மற்ற ஊர்களுக்கும் என் கையாலேயே எழுதிக்கொண்டிருக்கிறேன். இதுவரை எழுபது ஆயிற்று. 'திருப்தி' என்று நான் எழுத மாட்டேன். அதற்காக மாற்றினால் மாற்றட்டும்.

டிசம்பர் பதினைந்தாம் தேதி குழு முடிந்த அன்றே ரயில் ஏறுகிறேன். மறுநாள் அரியலூரில் இறங்கி முதல் பஸ்ஸில் வந்துவிடுவேன்.

இருபத்தைந்து நாள் என்று எழுதியிருந்தாயே, அதை என்னால் தாண்டிப் போக முடியவில்லை. ஏப்ரலில் அன்றே பதில் எழுதியிருந்தால் கொஞ்சமாவது மிஞ்சியிருக்கும். உன் கையை மட்டும் குற்றம் சொல்லாதே.

கடைசியில் வழக்கம்போல 'அம்மாவுக்குப் படித்துக் காட்டு' என்று எழுதி அடித்துவிட்டேன். இனி அம்மாவுக்கு நான் எதை எழுதுவது?

உன் அண்ணன்

*

கல்லுமேடு,
1.12.1986

அன்புள்ள அண்ணனுக்கு,

நான் சுகம். அவர் சுகம். அம்மாவுக்குக் காது கேட்காது, மற்றபடி சுகம். இனிமேல் இப்படித்தான் எழுதுவேன்.

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு இரண்டு நாள் உங்கள்மேல் கோபப்படப் பார்த்தேன், முடியவில்லை.

கண்ணையனுக்கு இரைச்சல் அடங்கிவிட்டது. மறுபடி கிணற்றில் இறங்குகிறார். எனக்கு மெமோ வந்தது, பதில் கொடுத்துவிட்டேன். டாக்டர் படிவத்தில் இப்போதும் கையெழுத்துப் போடவில்லை. ஆனால் வெள்ளிக்கிழமை வந்தவர், நாற்பதுக்கு மேற்பட்டவர்களுக்கு முக்கால்தான் என்று சீட்டிலேயே எழுத ஆரம்பித்திருக்கிறார். முக்கால் போட்டால் ஜனங்கள் விடுவார்களா? புட்டியைக் கவிழ்த்துக் காட்டு என்று ஒருவர் சண்டைக்கு வந்தார். காலையில் அம்மா வந்து வரிசைக்கு முன்னால் உட்கார்ந்துகொள்கிறாள். வாயசைவைப் பார்த்தே அவளுக்குப் புரிந்துவிட்டது. "மிச்சம் வைக்கட்டும்டா! முழுசாப் போட்டுக்கிட்டு என்னாட்டம் உக்காரப் போறியா?" என்று ஊருக்கே கேட்கிற மாதிரிக் கத்தினாள். தன் சத்தம் அவளுக்குத் தெரிவதில்லை. அவர் சட்டைக் கையை மடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

உங்கள் பல் கேள்வியை இப்போதுதான் கேட்டேன். என் பல்லைத் தொட்டுக் காட்டி, சின்னப் பெண் என்று கையால் உயரம் காட்டி, மேலே எறிகிற மாதிரிச் செய்து, கூரை இல்லை, மாடி என்று கையை விரித்து வாயசைத்தேன். ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு ஒரே சிரிப்பு. "மாடி வூடா? அவன் வூட்டுல கூரை இல்லன்னா பக்கத்து வூட்டுக் கூரைமேல எறியச் சொல்லு. பல்லுக்குத் தெரியுமா எவன் வூடுன்னு" என்றாள். எட்டு மாதம் கழித்துப் பதில் வாங்கியிருக்கிறேன். அந்தத் தீப்பெட்டி இன்னும் இருக்கிறதா?

417-ஐ எடுத்து அம்மா முன்னால் வைத்தேன். ஊசியைக் காட்டினேன், அவள் காதைக் காட்டினேன், என் பெயரைத் தொட்டு என்னைக் காட்டினேன். எனக்கு அழுகை வந்துவிட்டது. அவள் அழவில்லை. "ஊசி போட்டது நீதான். முழுப் புட்டியும் போடச் சொன்னது நான். ரெண்டையும் எழுது" என்றாள். எழுதினேன். கீழே காலியாகக் கிடந்த இடத்தைக் காட்டி அது என்ன என்று கேட்டாள். டாக்டர் கையெழுத்து என்று கழுத்தில் ஸ்டெதஸ்கோப் மாட்டுகிற மாதிரி காட்டினேன்.

"எங் காது போனதுக்கு அவரு எதுக்குடி கையெழுத்துப் போடணும்? மையைக் கொண்டா" என்றாள்.

படிவம் இத்துடன் இருக்கிறது, அண்ணா. அம்மாவின் ரேகை உங்களுக்குத் தெரியும். திருப்பி அனுப்புவதென்றால் வேறு ஏதாவது காரணம் எழுதச் சொல்லுங்கள். கையொப்பம் இல்லை என்று மட்டும் எழுத வேண்டாம்.

உங்கள் தங்கை,
குஞ்சம்மாள்